நின்ற வண்டிக்கு எதற்கு விளக்கு?

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பிராங்பர்ட்டுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். தெருவில் வீடுகளுக்கு முன்னால் இடமில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு விளக்குக் கம்பத்துக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தினேன். பெங்களூர்க்காரன் புத்தி. வெளிச்சத்தில் நிறுத்தினால் கண்ணாடியை உடைக்க யோசிப்பார்கள் என்று சின்ன வயதில் மனதில் பதிந்தது இன்னும் போகவில்லை.

வாசலுக்கு வந்த நண்பர் என்னைப் பார்க்கவில்லை, கம்பத்தைப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷத்துக்கு மேல் இந்த நாட்டில் இருப்பவர்.

"அண்ணை, உந்தக் கம்பத்தில சிவப்பு வளையம் கிடக்கு, பாருங்கோ. உது இரவு முழுக்க எரியிற லைட் இல்லை, இடையில நூர்ந்து போயிடும். காரின்ட பார்க்கிங் லைட்டைப் போட்டிட்டு வாங்கோ."

அப்போதுதான் கவனித்தேன். கம்பத்தின் நடுவில் வெள்ளைக் கரை வைத்த ஒரு சிவப்புப் பட்டை. இத்தனை வருஷமாக அதை விளம்பரம் ஒட்டும் இடம் என்றோ, மின்வாரியத்தின் அடையாளம் என்றோ நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, லட்டெர்னென்ரிங், அதாவது விளக்கு வளையம். ஜெர்மன் போக்குவரத்து விதிகளில் 394ஆம் எண் அடையாளம். இந்த விளக்கு விடியும்வரை எரியாது என்று அர்த்தம். எத்தனை மணிக்கு அணையும் என்பதைக் கூடச் சில வளையங்களில் வெள்ளை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஊருக்குள் தெருவிளக்கு வண்டியை நன்றாகக் காட்டினால் வண்டிக்குத் தனி விளக்கு வேண்டாம். அந்த வெளிச்சம் போய்விட்டால் நீ உன் விளக்கைப் போட வேண்டும். அதுவும் நான்கு பக்கமும் வேண்டாம், போக்குவரத்துப் பக்கம் மட்டும் போதும். சாவியை எடுத்துவிட்டு இண்டிகேட்டர் தண்டை ஒரு பக்கம் தள்ளினால் அந்தப் பக்கத்து முன் வெள்ளையும் பின் சிவப்பும் மட்டும் எரியும். நண்பர் செய்து காட்டினார். இத்தனை வருஷம் என் காரிலேயே இருந்த வசதி, எனக்குத் தெரியாது!

சாப்பாடு அருமை, இடியப்பமும் சொதியும். ஆனால் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு ஜோகுபாளையமும் மாமாவும் ஞாபகமாகவே இருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கூடவே கொஞ்சம் சட்ட வரலாறும் வரும். வக்கீல்கள் பொறுத்துக்கொள்ளவும், நான் பி.காம்.

ஜோகுபாளையம் தெரியாதவர்களுக்கு: பெங்களூரில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவே நெருக்கமான சந்துகள் கொண்ட பழைய குடியிருப்பு. 1800களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கன்டோன்மென்ட் அமைத்தபோது மதராஸ் பட்டாளத்தோடு சிப்பாய்களும், சமையல்காரர்களும், வண்டிக்காரர்களும், கொத்தனார்களும் வந்து தங்கிய வட்டாரம். வட ஆற்காடு, சேலம், தர்மபுரி என்று வேர் சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பின்னால் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., என்.ஜி.இ.எஃப். என்று தொழிற்சாலைகள் வந்தபோது அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சைக்கிளில் ஷிஃப்ட்டுக்குப் போனார்கள். என் தாய்மாமாவும் அப்படி ஒருவர். ஐ.டி.ஐ.யில் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பழைய மெட்ராஸ் ரோடு வழியாக ராத்திரி வீடு வருவார்.

1992இல் ஒரு ராத்திரி அவர் வரவில்லை.

பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு லாரி ஆக்சில் உடைந்து நின்றிருந்தது. டிரைவர் மெக்கானிக்கைத் தேடிப் போய்விட்டார். லாரிக்குப் பின்னால் விளக்கு இல்லை. நம் ஊர் வழக்கப்படி நாலு கல்லும் ஒரு மரக்கிளையும் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் கரண்டும் இல்லை. எதிரே வந்த வண்டியின் ஹெட்லைட் கண்ணில் அடித்திருக்க வேண்டும் என்று பின்னால் சொன்னார்கள். மாமாவுக்கு 41 வயது. எனக்கு 13. மாமா பையன் என்னைவிட மூன்று வயது சின்னவன்.

இனி வருவது அழுகைக் கதை இல்லை, கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்குள் போவதற்கு முன்னால், நின்ற வண்டிக்கு விளக்கு என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இந்த நாலு மாதமாக வாரக் கடைசிகளில் அதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் மாட்டுவண்டிக்காரர்கள் அச்சுக்குக் கீழே ஒரு அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடுவார்கள். அது பாதையைக் காட்டுவதற்கு மட்டும் இல்லை. வண்டிக்காரர் தூங்கினாலும், வண்டி ஓரமாக நின்றாலும், பின்னால் வருபவனுக்கு ஆடாமல் தெரியும் ஒரு புள்ளி. எந்தச் சட்டப் புத்தகத்தையும் படித்து அதைச் செய்யவில்லை.

சட்டம் முதலில் கவலைப்பட்டது இருட்டைப் பற்றி அல்ல, இடைஞ்சலைப் பற்றி. 1860 இந்திய தண்டனைச் சட்டத்தின் 283ஆம் பிரிவு: பொதுவழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்கினால் 200 ரூபாய் வரை அபராதம். 1861 போலீஸ் சட்டத்தின் 34ஆம் பிரிவு: ஆள் ஏற்றி இறக்கத் தேவையானதைவிட அதிக நேரம் வண்டியை நிறுத்தி வைத்தாலோ, மக்களுக்கு ஆபத்தாக விட்டுப் போனாலோ 50 ரூபாய் வரை அபராதம், அல்லது 8 நாள் வரை சிறை.

200 ரூபாயை அற்பமாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துச் சிப்பாயின் சம்பளம் மாதம் 7 ரூபாய். அல்சூர் பக்கம் குடியிருந்த ஒரு மதராஸ் சிப்பாய்க்கு அது 28 மாதச் சம்பளத்தைத் தாண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்த 200 ரூபாய் அப்படியே 160 வருஷத்துக்கு மேல் மாறாமல் நின்றது. 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தபோதுதான், 285ஆம் பிரிவாகி, உச்சவரம்பு 5,000 ரூபாய் ஆனது. பணவீக்கம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் கல்லூரிப் புத்தகத்தில் இல்லை.

பெங்களூருக்கு இருட்டு விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்துக் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போனது. 1905 ஆகஸ்ட் 5 அன்று பெங்களூர் நகரத்தில் மார்க்கெட் பக்கம் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது. நகரம் மைசூர் மகாராஜாவுடையது, கன்டோன்மென்ட் வெள்ளைக்காரர்களுடையது. 1947 ஜூலையில் கன்டோன்மென்ட்டை மைசூரிடம் திருப்பிக் கொடுக்கும்வரை ஒரே ஊரில் இரண்டு நிர்வாகம், இரண்டு சட்டப் புத்தகம். 1949இல்தான் இரண்டும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆனது.

தெருவிளக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது: ஊரே வெளிச்சமாக இருக்கிறது, நிற்கும் வண்டிக்குத் தனியாக எதற்கு? இந்தக் கேள்வியை உலகத்தில் அதிகமாக அலசியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அவர்களுடைய 1927 சாலைப் போக்குவரத்து விளக்குச் சட்டம், இருட்டிய பிறகு சாலையில் இருக்கும் வண்டிக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்று கட்டாயமாக்கியது. ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான். வீட்டு வாசலில் கார் நிறுத்தியவர்கள் ராத்திரி முழுக்க பாட்டரியைக் கரைக்க வேண்டியிருந்தது. 1950, 60களில் கார் ஜன்னல் கண்ணாடியில் மாட்டும் சின்ன விளக்கு ஒன்று அங்கே சகஜம், முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் சிவப்பு, ஒரே பல்பு. பிறகு படிப்படியாகத் தளர்த்தினார்கள். இன்றைக்கு அங்கே 30 மைலுக்கு மேல் வேக வரம்பு உள்ள சாலையில் நிறுத்தினால் விளக்கு கட்டாயம். 30 மைலும் அதற்குக் கீழும் உள்ள தெருவில் கார், மோட்டார் சைக்கிள்களுக்கு விலக்கு. ஆனால் சந்திப்பிலிருந்து 10 மீட்டராவது தள்ளி, போக்குவரத்துத் திசையைப் பார்த்து, ஓரத்தை ஒட்டி நிறுத்தியிருக்க வேண்டும். திசை எதற்கு? காரின் பின்பக்கத்துச் சிவப்புப் பிரதிபலிப்பான் பின்னால் வருபவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான். எதிர்த் திசையில் நிறுத்தினால் அவனுக்குத் தெரிவது இருட்டான முகப்பு மட்டும்.

இதே இங்கிலாந்தில் இன்னொரு சண்டையும் நடந்தது. சைக்கிளுக்குப் பின் சிவப்பு விளக்கு கட்டாயம் என்று பேச்சு வந்தபோது சைக்கிள் சங்கத்தார் எதிர்த்தார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து ஓட்டுவது மோட்டார்காரன் பொறுப்பு, நான் விளக்கு மாட்டினால் விளக்கில்லாத எல்லாவற்றையும் இடித்துத் தள்ளலாம் என்று ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. யோசித்தால் சாதாரணக் கேள்வி இல்லை. இருட்டில், பார்ப்பது வருபவன் கடமையா, தன்னைக் காட்டிக்கொள்வது நிற்பவன் கடமையா?

அந்தக் கேள்வி கோர்ட்டுக்குப் போனது. 1930களில் இங்கிலாந்து நீதிமன்றங்களில் இப்படி ஒரு விதி கிட்டத்தட்ட உருவாகியிருந்தது: இரவில் ஓட்டுபவன் தன் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக் கூடிய வேகத்தில்தான் போக வேண்டும். இடித்துவிட்டான் என்றால் ஒன்று அவன் பார்க்கவில்லை, இல்லை வேகமாகப் போயிருக்கிறான். எப்படியும் தவறு அவனுடையது. தர்க்கம் மாதிரியே இருக்கும், ஆனால் பொறி. 1934இல் டைடி எதிர் பேட்மேன் என்ற வழக்கு, விளக்கில்லாமல் நின்ற லாரியில் மோதிய மோட்டார் சைக்கிள்காரருடையது. அப்படியொரு சட்ட விதி எதுவும் கிடையாது, ஒவ்வொரு விபத்தையும் அதனதன் உண்மையை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தக் காலத்தில் இது வாழ்வா சாவா விஷயம். அடிபட்டவன் பக்கம் துளி தவறு இருந்தாலும் மொத்த நஷ்ட ஈடும் போய்விடும். 1945இல் தனிச் சட்டம் போட்டுத்தான், யார் பக்கம் எவ்வளவு தவறோ அந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை என்றாலும் நம் நீதிமன்றங்கள் அந்த விகிதாசார முறையைத்தான் பின்பற்றுகின்றன. பங்குதாரர்களுக்குள் நஷ்டத்தைப் பிரிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் வந்தது, பிறகு 1939, பிறகு 1988. விளக்கு போன்ற விவரங்களையெல்லாம் வெகுகாலம் அந்தந்த மாகாணமும் மாநிலமும் விதியாகப் போட்டுக்கொண்டன. நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று ஆனது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில்தான். அதில் 109ஆம் விதிதான் நம் கதாநாயகன். மோட்டார் சைக்கிளும் மாற்றுத் திறனாளிகளின் மூன்று சக்கர வண்டியும் தவிர மற்ற ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் முன்னால் இரு பக்கமும் வெள்ளை அல்லது ஆம்பர் நிறத்தில் பார்க்கிங் விளக்கு, பின்னால் இரு பக்கமும் சிவப்பு. அதோடு ஒரு வாக்கியம்: வண்டி சாலையில் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் இவை எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

இதை முதல் தடவை படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தெருவிளக்கு இருந்தால் வேண்டாம் என்று விதிவிலக்கு இல்லை. வேக வரம்பு பேச்சு இல்லை. ஜெர்மனியின் சிவப்பு வளையமோ, இங்கிலாந்தின் 30 மைலோ, 10 மீட்டரோ எதுவும் இல்லை. எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், இன்று ராத்திரி ஜோகுபாளையம் சந்துகளில் தூங்கும் எல்லாக் கார்களும் விதியை மீறித்தான் தூங்குகின்றன. இஞ்சின் நின்ற பிறகும் எரியும்படி விளக்கின் அமைப்பு இருக்க வேண்டும் என்பதுதான் பொருள், ராத்திரி முழுக்க எரியவிடச் சொல்லவில்லை என்று வாதிடவும் இடம் இருக்கிறது. எனக்கும் அந்த அர்த்தம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் பாட்டரிக் கணக்கு இடிக்கிறது. நான்கு மூலைக்கும் 5 வாட் பல்பு, நம்பர் பிளேட்டுக்கு ஒரு 5 வாட், ஆக 25 வாட். 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். பத்து மணி நேரத்துக்கு 21 ஆம்பியர்-மணி. அந்தக் கால மாருதி 800 பாட்டரியின் கொள்ளளவு 35ஐ ஒட்டித்தான். காலையில் வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் 10 வாட், ராத்திரி முழுக்க எட்டு ஆம்பியர்-மணி சொச்சம். ஜெர்மன்காரர்கள் ஏன் ஒரு பக்க விளக்கைக் கண்டுபிடித்தார்கள் என்று இப்போது புரிகிறதா? கடைப்பிடிக்க முடிகிற விதியாகப் போட்டார்கள். எல்லோருக்கும் எல்லா இரவும் என்று எழுதிவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள், நடுரோட்டில் ஆக்சில் உடைந்து நிற்கும் லாரி உட்பட. இங்கே 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கும் டிரெய்லருக்கும் தெருவிளக்குச் சலுகையே கிடையாது. ஊருக்குள்ளேயும் சொந்த விளக்கு வேண்டும், இல்லையென்றால் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒளிரும் பலகையாவது வேண்டும். ஆபத்து எங்கே அதிகமோ அங்கே இறுக்கம்.

விளக்கு போக, 1988 சட்டத்தின் 122ஆம் பிரிவு மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ வரும் இடத்தில், நிலையில், வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது. 126, டிரைவர் இருக்கையில் ஆளில்லாமல் இஞ்சின் ஓட நிற்கக் கூடாது என்கிறது. 127, பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டியைப் போலீஸ் அப்புறப்படுத்தலாம், ஆபத்தான நிலையில் கிடந்தால் உடனேயே அகற்றலாம் என்கிறது. தனியாகத் தண்டனை சொல்லாத மீறல்களுக்கு 177ஆம் பிரிவுப்படி முதல் தடவை 100 ரூபாய் வரை. 2019 திருத்தத்தில் அது 500 ஆனது.

லாரிகளின் பின்னால் ஒட்டும் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டைகள் இப்போது பரவலாகிவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் பட்டைக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. வருகிறவன் விளக்கைத்தான் திருப்பிக் காட்டும். காரின் ஹெட்லைட்டுக்கு அது பளிச்சென்று பதில் சொல்லும். சைக்கிள் டைனமோவின் 3 வாட்டுக்கு? அதுவும் மேட்டில் மெதுவாக மிதிக்கும்போது அந்த 3 வாட்டும் இருக்காது.

இப்போது மாமாவின் கணக்குக்கு வருகிறேன்.

வழக்கு 1996இல் முடிந்தது. எதிர்த்தரப்பு, அதாவது இன்சூரன்ஸ் வக்கீல், முக்கியமாகக் கேட்ட கேள்வி: சைக்கிளில் டைனமோ வேலை செய்ததா? சைக்கிள் இருந்த நிலைமையில் யார் சொல்ல முடியும்? லாரியில் பார்க்கிங் விளக்கு எரியவில்லை என்பதை அவர்கள் மறுக்கவே இல்லை. ஆனால், அவ்வளவு பெரிய லாரி, பார்த்து ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும் என்றார்கள். இங்கிலாந்தில் 1934இல் தூக்கிப் போட்ட அந்தப் பழைய பொறிதான், பெயர் மாறி வந்தது.

மாமாவின் வருமானமாக எடுத்துக்கொண்டது மாதம் 3,000. அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து 2,000. வருஷத்துக்கு 24,000. வயதுக்கு ஏற்ற பெருக்கல் எண் 15. ஆக 3,60,000 ரூபாய். அதில் பாதி அவருடைய கவனக்குறைவுக்காகக் கழித்து 1,80,000. அப்பீல் போகலாம், ஆனால் இன்னும் ஏழெட்டு வருஷம் ஆகலாம் என்றார் எங்கள் வக்கீல். "போதும்பா, இதோட விட்டுடுங்க. அவர் பார்க்காம ஓட்டினார்னு இன்னொரு தடவை என் காதால கேட்க முடியாது" என்று அத்தை சொல்லிவிட்டார்.

கடனும் செலவும் போக மீதி 1,20,000 ரூபாயைத் தீர்ப்பாயம் கையில் கொடுக்கவில்லை, வங்கியில் நீண்ட கால டெபாசிட்டாகப் போடச் சொன்னது. 1990களில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழிமுறை அது: படிப்பறிவில்லாதவர்கள், விதவைகள், சிறுவர்கள் பெயரில் வரும் இழப்பீட்டைப் பத்திரமாக டெபாசிட்டில் வைக்க வேண்டும், அதன் மேல் கடன் கொடுக்கக் கூடாது, கோர்ட் அனுமதியில்லாமல் முன்கூட்டியே உடைக்கக் கூடாது, வட்டியை மட்டும் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். பின்னாளில் நானே இப்படிப்பட்ட டெபாசிட்டுகளை லெட்ஜரில் சிவப்பு மையால் குறித்துப் பராமரித்திருக்கிறேன். நல்ல ஏற்பாடு. அந்தப் பணத்தைச் சொந்தக்காரர்கள் கண்ணிலிருந்து காப்பாற்றியது.

11 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 3,300 ரூபாய். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் எழுதப் படிக்கத் தெரியும், அதனால் சலான் நிரப்ப நான் கூடப் போவேன். கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர்களின் வேலை எனக்குப் பிடித்துப் போனது அங்கேதான். கழித்துக்கொண்ட அந்த 1,80,000 இருந்திருந்தால் காலாண்டுக்கு இன்னும் 4,950 ரூபாய் வந்திருக்கும். அதாவது ஒன்றரை மடங்கு கூடுதலாக. மாமா பையன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி ஒர்க்‌ஷாப்புக்குப் போனதற்கும் இந்த 4,950க்கும் சம்பந்தம் உண்டு என்று நான் நினைக்கிறேன். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். "எனக்குப் படிப்பு வரல மச்சான்" என்பான்.

அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை இந்தக் குளிர்காலத்தில்தான் படித்தேன். 2018 பிப்ரவரியில் அர்ச்சித் சைனி வழக்கு. ராத்திரியில் ஒரு மாருதி வேன், விளக்கில்லாமல் நடுரோட்டில் நின்ற எரிவாயு டேங்கரில் மோதியது. எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசியதால் டேங்கர் தெரியவில்லை. வேன்காரர் மேலும் பாதித் தவறு என்று பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முழுத் தவறும் டேங்கருடையது.

இன்னும் நெருக்கமானது 2024 செப்டம்பர் 19 தீர்ப்பு, கர்நாடகத்து வழக்கு. 2006 ஆகஸ்டில் நெடுஞ்சாலையில் 14 சக்கர லாரி ஒன்று, பார்க்கிங் விளக்கோ எச்சரிக்கை அடையாளமோ இல்லாமல் நடுவழியில் விடப்பட்டிருந்தது. ஒரு குடும்பத்தின் கார் அதில் போய் மோதியது. தீர்ப்பாயமும் கர்நாடக உயர் நீதிமன்றமும் இரு பக்கமும் பாதிப் பாதித் தவறு என்றன. அதே 122, 126, 127 பிரிவுகளையும் 1989 சாலை விதிமுறைகளில் பார்க்கிங் பற்றிச் சொல்லும் 15ஆம் விதியையும் எடுத்துக் காட்டி, காரோட்டியவர் மேல் பழி போட ஆதாரம் இல்லை, நெடுஞ்சாலையில் அப்படி விளக்கில்லாமல் விட்டவர்தான் முழுப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விபத்து நடந்து 18 வருஷம் கழித்து.

வாட்ஸப்பில் இதை மாமா பையனுக்கு அனுப்பினேன். நீல டிக் வந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் போன் செய்தான். "அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். 'அப்போ அவர் பார்த்துத்தான் ஓட்டினார்'னாங்க. வேற ஒண்ணும் சொல்லல" என்றான். சட்டப்படி இந்தத் தீர்ப்புக்கும் மாமாவின் வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் திருத்தவில்லை.

இன்று பெங்களூரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. நாங்கள் கோலி விளையாடிய சந்தில் இரு பக்கமும் கார், நடுவில் ஒரு ஆட்டோ போனால் எதிரே வருபவர் திண்ணையில் ஏற வேண்டும். தெருவோரம் நிறுத்த வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்துக் குடியிருப்போருக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் பார்க்கிங் கொள்கைக்கு 2021இல் கர்நாடக அரசு ஒப்புதல் கொடுத்தது. கட்டணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், விளக்கைப் பற்றி யாரும் பேசி நான் படிக்கவில்லை. அல்சூர் பூப்பல்லக்கு ராத்திரி ஒன்றுதான் அந்தப் பக்கத்துத் தெருக்களில் நிற்கும் வண்டிகளை எடுக்க வைக்கும். விளக்கு அலங்காரத்தோடு சாமி வரும்போது இருட்டுக்கு ஏது இடம்!

கடைசியாக ஒரு சோதனை. மாமா பையன் இப்போது சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மன் கம்பெனி கார் ஒன்றைச் செகண்ட் ஹாண்டில் வாங்கினான். அதிலும் அந்த ஒரு பக்க விளக்கு இருக்கிறதா பார் என்றேன். சாவியை எடுத்துவிட்டுத் தண்டைத் தள்ளினான். எரிந்தது. ஆனால் இடது பக்கம், சாக்கடையைப் பார்த்து. நம் ஊரில் வண்டி இடது ஓரம் நிற்கும், போக்குவரத்து வலது பக்கம் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். இங்கே இருந்து இருந்து எனக்கே திசை மாறிப் போய்விட்டது :-)

வலது பக்கம் மாற்றிப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறான். பதினோரு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் காலிங் பெல் அடித்து, "சார், லைட் ஆன் ஆகிதே" என்றாராம். பன்னிரண்டு மணிக்கு ரோந்து போலீஸ்காரர். ஐந்து மணிக்குப் பால்காரப் பையன். மூன்று பேருக்கும் அத்தைதான் எழுந்து கதவைத் திறந்து, "தெரிஞ்சுதாம்பா போட்டிருக்கோம், இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.